விமானத்துக்கு ஒரு பொட்டு

விமானம் ஓட்டப் பழகுகிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே கேட்பது "எந்த நாட்டுல?" என்பதுதான். ஆர்.கே.பேட்டையில் என்பேன். சிலர் அது ஆப்பிரிக்காவில் ஏதோ ஊர் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். ஊர் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்கு இரண்டும் பழகிவிட்டது.

ஆனால் கும்மிடிப்பூண்டிக்காரிக்கு ஆர்.கே.பேட்டை வெளிநாடுதான். இரண்டும் ஒரே மாவட்டம் என்பதெல்லாம் கலெக்டர் ஆபீஸ் கணக்கு. நாங்கள் கிழக்கு ஓரம், அது மேற்கு ஓரம். எங்கள் பக்கம் காலையில் கொடியில் போட்ட வெள்ளைத் துணி ஆலைப் புகையில் சாயங்காலம் வேறு நிறத்தில் காயும். அங்கே வானம் காலியாகக் கிடக்கிறது. அவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறார்கள் என்று முதல்முறை போனபோது எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

இந்தப் பயிற்சிப் பள்ளியில் எனக்கு எப்படி இடம் கிடைத்தது, பேங்க் மேனேஜர் என்ன முகத்தோடு கையெழுத்துப் போட்டார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். வழியும் சொல்லப்போவதில்லை. ஒன்றே ஒன்று: திருவள்ளூரில் பஸ் மாறுவதற்கு முன்னால் சாப்பிட்டுவிடுங்கள்.

என் பெயர் கவிதா. வயது இருபத்தெட்டு. தொழிற்பேட்டையில் கம்பி தயாரிக்கும் ஆலை ஒன்றில் கிரேன் ஓட்டுகிறேன். கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடும் கிரேன் அது. அதன் கூண்டில் உட்கார்ந்துகொண்டு கீழே இருக்கும் கம்பிக் கட்டுகளைத் தூக்கி லாரியில் இறக்க வேண்டும். விமானம் பழக வந்தது கிரேன் ஓட்டி அலுத்துப்போனதால் இல்லை. அந்தக் கூண்டிலிருந்து பார்க்கையில் கூரை இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒருநாள் தோன்றியது. அந்தக் கிறுக்குப் போகவே இல்லை.

இந்தமுறை ஆயுத பூஜை விடுமுறையோடு சேர்த்து ஐந்து நாள் லீவு போட்டிருந்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை. சனிக்கிழமை பள்ளியின் ஒரே விமானம் பெங்களூருக்குப் பழுது பார்க்கப் போகிறது. திரும்பி வர ஆறேழு மாதம் ஆகும். என்னோடு சேர்ந்த மூன்று பேரும் தனியாகப் பறந்து முடித்துவிட்டார்கள். பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் ஏறி, ஒரு வட்டம் சுற்றி, இறங்க வேண்டும். அவ்வளவுதான். அதை வெள்ளிக்குள் செய்யாவிட்டால் பழகியதெல்லாம் மறந்துபோய் அடுத்த வருஷம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த வருஷம் லீவும் தைரியமும் மிச்சமிருக்குமா என்று எனக்கே சந்தேகம். தனியாகப் பறக்கப்போகிற விஷயத்தை அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை புதுவாயல் கூட்டுரோட்டில் டீ குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன். திருவள்ளூரைத் தாண்டிப் பாதி வழியில், புளியமரங்களுக்கு நடுவே பஸ் நின்றுபோனது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"பெல்ட்டு அறுந்துக்கிச்சு. பின்னாடி வண்டி வந்துக்கினு கீது, அல்லாரும் எறங்கிக்கோ."

பின்னாடி வண்டி வர ஒரு மணி நேரம் ஆனது. நான் மரத்தடியில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டார்கள். ஆந்திர எல்லைக்காரிக்குத் தெலுங்கு புரியாமல் போகுமா?

"அந்தப் பெண் கையில் ஏரோப்ளேன் படம் போட்ட புத்தகம் பார்" என்றாள் மனைவி. "சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருக்கும்."

"டீச்சர் ஏன் இப்படி நகம் கடிக்கிறாள்?" என்றார் கணவர்.

நான் கையைக் கீழே போட்டுக்கொண்டேன்.

அங்கே நான் தங்குவது ஒரு விசைத்தறி வீட்டு மாடியில். கீழே பகலெல்லாம் தறி ஓடும், தரை அதிரும். ஆலைச் சத்தத்திலேயே வளர்ந்தவளுக்கு அது தாலாட்டு. வீட்டுக்கார அக்கா கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தார். எங்கள் பக்கத்துக் கருவாடு பழவேற்காட்டிலிருந்து வரும். இது எங்கிருந்து வந்ததோ, கடலைப் பார்த்து ரொம்ப நாளான ருசி. அதையும் மிச்சம் வைக்காமல் தின்றேன். பயம் வந்தால் எனக்குப் பசி அதிகமாகும்.

செவ்வாய் காலை பறந்தோம். என் ஆசிரியர் நிஷா சென்னை பெரம்பூர்க்காரி. என்னைவிட மூன்று வயது சின்னவள். தரையில் என்னை அக்கா என்பாள். விமானத்தில் ஏறி பெல்ட் போட்டதும் கவிதா ஆகிவிடுவேன். திட்டுவதற்கு அதுதான் வசதி என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

விமானத்தில் ஏறுமுன் அதைச் சுற்றி வந்து ஒவ்வொரு பாகமாகத் தொட்டுப் பார்த்து, அட்டையில் இருக்கும் பட்டியலை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அதில் ஒன்று, இடது விலாவில் நெஞ்சு உயரத்தில் இருக்கும் ஒரு சின்ன வட்டத் தகடு. இரண்டு ரூபாய் நாணயம் அளவுதான். நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. வெளிக்காற்றின் அழுத்தம் அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே போகும். அதை வைத்துத்தான் முன்னால் இருக்கும் மீட்டர்கள் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்று காட்டும். எங்கள் மெக்கானிக் முனிரத்னம் அதை மூக்கு ஓட்டை என்பார். உள்ளூர்க்காரர், தெலுங்கு வாடையில் என்னை அம்மாயி, அதாவது பெண்ணே, என்று கூப்பிடுவார். டிராக்டர் பட்டறையில் தொடங்கி, முறையாகப் படித்துப் பரீட்சை எழுதி விமானத்துக்கு வந்தவர்.

"மூக்கு ஓட்ட பாத்தியா அம்மாயி?"

"பாத்துட்டேண்ணா. கிளியரா இருக்கு."

மேலே போனால் வேர்க்கடலைக் கொல்லைகளும் ஏரிகளும் அழகாகத்தான் தெரியும். அழகு பார்க்கும் நிலையில் நான் இல்லை. மூன்று முறை இறங்கினேன். மூன்று முறையும் விமானம் தரையில் பட்டுத் துள்ளியது. மூன்றாவது துள்ளலில் நிஷாவின் தலை கூரையில் இடித்தது.

இறங்கியதும் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அக்கா, நீங்க தரையப் பாக்கறதே இல்ல. மீட்டரயே மொறச்சுக்கினு கீறீங்க. கிரேன்ல இன்னா மீட்டர் கீது?"

"ஒண்ணும் இல்ல. கண்ணுதான்."

"அப்போ இங்க மட்டும் இன்னா பேஜாரு?"

கிரேனில் தப்பு செய்தால் கம்பிக் கட்டு விழும். இங்கே விழுவது நான். மீட்டரில் முள் சொன்ன இடத்தில் நின்றால் உயிரோடு இருக்கிறேன் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அதை விட்டால் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை என்று தோன்றியது.

புதன்கிழமை ஆயுத பூஜை. தறிகள் நின்றுவிட்டன; ஊரே காது அடைத்த மாதிரி இருந்தது. பதினோரு மணிக்கு அம்மா வந்து இறங்கினாள், இடுப்பில் ஒரு பூசணிக்காயோடு. மூன்று பஸ் மாறி அதைச் சுமந்து வந்திருக்கிறாள்.

"ஏம்மா, பூசணிக்கா இந்த ஊர்ல கெடைக்காதா?"

"இங்க இன்னா வெலயோ, இன்னா காயோ. நீ கத்துக்கற எடத்த ஒருவாட்டி நானும் கண்ணால பாக்கணும். கேண்டீனுக்கு மூணு நாள் லீவு."

அம்மா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேண்டீனில் சமையல் வேலை பார்க்கிறாள். ஓடுதளத்துக்கு அழைத்துப் போய் விமானத்தைக் காட்டினேன். இரண்டு பேர் உட்காரும் வண்டி. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"இன்னாடி இது, ஷேர் ஆட்டோவுக்கு றெக்க வச்சா மாதிரி கீது?"

முனிரத்னம் விழுந்து விழுந்து சிரித்தார். பூசணிக்காயை மட்டும் ஓடுதளத்துப் பக்கமே விடவில்லை. துண்டு சிதறினால் காக்கா வரும், காக்கா வந்தால் விமானத்துக்கு ஆபத்து என்று சொல்லி, வெளி கேட்டுக்கு எடுத்துப்போய் உடைத்தார். கற்பூரத்தையும் பெட்ரோலுக்கு எட்டாத தூரத்தில் வைத்துத்தான் ஏற்றினார். விமானத்தின் மூக்கிலும் சக்கரங்களிலும் அவரே பார்த்துப் பார்த்துச் சந்தனம் குங்குமம் வைத்தார். நிஷா பொரி தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தாள்.

அம்மா எல்லோருக்கும் பின்னால், சுவரை ஒட்டி நின்றாள். அப்பா மஞ்சள் காமாலையில் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து எந்தப் பூஜையிலும் அவள் நிற்கும் இடம் அதுதான். கேண்டீனில் பாத்திரமெல்லாம் தேய்த்து, அடுப்பெல்லாம் துடைத்துப் பளபளவென்று வைப்பவள் அவள். பொட்டு வைக்கும் நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவாள். யாரும் போ என்று சொல்வதில்லை. வா என்றும் சொல்வதில்லை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். வீட்டில் சண்டை போட்டிருக்கிறேன். "உனக்கு ஒண்ணுந் தெரியாது, சும்மா கெட" என்பாள்.

அன்று சாயங்காலம்தான் சொன்னேன், நாளைக்கு நான் தனியாகப் பறக்க வேண்டியிருக்கும் என்று. அம்மா விரல்விட்டு நாள் எண்ணினாள். பிறகு, "வெஜயதசமி. நல்ல நாள்தான்" என்றாள். அதற்குப்பின் அவள் சாப்பிட்டதையும் நான் பார்க்கவில்லை.

வியாழன் காலை நிஷாவோடு இரண்டு வட்டம். இரண்டு முறையும் துள்ளாமல் இறங்கினேன். எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு நிஷா பெல்ட்டைக் கழற்றினாள்.

"பெட்ரோல் போட்டுக்கினு, திரும்ப ஒருவாட்டி சுத்திப் பாத்துட்டு, நீங்களே போய் வாங்க அக்கா. நான் ரேடியோவோட அந்த ஓரத்துல நிக்கறேன்."

போய்விட்டாள். அப்படிச் சாதாரணமாகச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை.

முனிரத்னத்துக்குச் செய்தி தெரிந்ததும் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு வாளித் தண்ணீரையும் வேலி ஓரம் தயாராக வைத்துவிட்டார். முதல்முறை தனியாகப் பறந்து இறங்குகிறவர் தலையில் தண்ணீர் ஊற்றுவது பள்ளி வழக்கம். நேராக அம்மாவிடம் போய்க் கிண்ணத்தை நீட்டினார்.

"பொண்ணு தனியா போவுது பெரியம்மா. நீ வைக்காத வேற யாரு வைக்கறது?"

அவருக்கு எதுவும் தெரியாது. அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். வை என்று ஆட்டினேன். எல்லாம் அந்தத் தலையாட்டலில் ஆரம்பித்தது.

முனிரத்னம் பெட்ரோல் ஊற்ற விமானத்தின் அந்தப் பக்கம் போய்விட்டார். அம்மா விமானத்தின் இடது பக்கம் வந்தாள். எங்கே வைப்பது என்று தேடினாள். இறக்கை எட்டவில்லை. அப்போது அந்த வட்டத் தகடு கண்ணில் பட்டது. நெஞ்சு உயரத்தில், பளபளவென்று, பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி. சந்தனத்தைக் குழைத்து அதன் நடுவில் அழுத்தி வைத்தாள். அதன்மேல் குங்குமம். பதினோரு வருஷத்துக்குப் பிறகு வைக்கிறாள். வைத்துவிட்டுக் கண்ணை மூடி நின்றாள்.

நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தேன். அந்த இடம் வந்தது. ஓட்டை தெரியவில்லை, பொட்டுத்தான் தெரிந்தது. துடைக்க வேண்டும். ஈரத் துணி சட்டைப் பையில்தான் இருந்தது. அம்மா நாலடி தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் முன்னால், அவள் வைத்த குங்குமத்தை நான் எப்படித் துடைப்பேன்? யாருக்குமே தெரியாமல் நகத்தால் நடுவில் லேசாகச் சுரண்டினேன். ஓட்டை தெரிந்தது போல இருந்தது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் ஈரச் சந்தனத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டேன்.

"மூக்கு ஓட்ட பாத்தியா அம்மாயி?" என்று அந்தப் பக்கத்திலிருந்து முனிரத்னம் கேட்டார்.

"பாத்துட்டேன்" என்றேன். கிளியராக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஓடுதளத்தில் வேகமெடுக்கும்வரை எல்லாம் சரியாக இருந்தது. நிஷாவின் கனம் இல்லாததால் நினைத்ததைவிடச் சீக்கிரம் எழும்பிவிட்டேன். வேகமானியில் முள் அறுபத்தைந்தில் இருந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது. பக்கத்து இருக்கை காலியாக இருந்ததைப் பார்த்தேன். திரும்பி முள்ளைப் பார்த்தால் ஐம்பது. அப்புறம் நாற்பது. எஞ்சின் முழுச் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது. முள் மட்டும் படுத்துக்கொண்டே போகிறது.

வேகம் குறைந்தால் மூக்கைக் கீழே இறக்கு. முதல் நாளிலிருந்து மண்டையில் அடித்து ஏற்றிய பாடம். இறக்கினேன். வேலியும் ஒரு வேப்பமரமும் கண்ணாடி முழுக்க எழுந்து வந்தன.

"மூக்கு! கவிதா, மூக்கத் தூக்கு!" ரேடியோவில் நிஷா கத்தினாள்.

தூக்கினேன். முள் ஒரேயடியாகப் பூஜ்யத்துக்குப் போய்ப் படுத்தது.

"ஸ்பீடு ஜீரோ. நிஷா, ஸ்பீடு ஜீரோ காட்டுது." என் குரல் எனக்கே யாரோ குரல் மாதிரி கேட்டது.

ரேடியோ கரகரத்தது. அந்த ஒரு கணத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

"ஒயரம் இன்னா காட்டுது?"

"நானூறு. தரைல இருந்தப்போ இருந்த அதே நானூறு. அசையவே இல்ல."

"ரெண்டும் பொய் சொல்லுது. நீ பறந்துக்கினு தான் கீற, நான் பாத்துக்கினு தான் கீறேன். மீட்டர மறந்துடு. எஞ்சின் சத்தத்தக் கேளு. வெளிய பாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொட்டு. தரைக்காற்று உள்ளேயே அடைபட்டிருக்க, நான் ஏற ஏற முள் பொய் சொல்லியிருக்கிறது. மேலே பறந்துகொண்டு அந்த ஓட்டையை யார் துடைப்பது? கடவுளே என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. அம்மா கீழே பார்த்துக்கொண்டு நிற்பாளே என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. விழுந்தால் அவள் கண் முன்னால் விழுவேன். அதற்குப்பிறகு அவள் தன் கையை என்ன பாடுபடுத்துவாள் என்று எனக்குத் தெரியும்.

வெளியே பார்த்தேன். அடிவானம் நேராக இருந்தது. இறக்கை நேராக இருந்தது. எஞ்சின் சத்தம் ஒரே சீராக இருந்தது. எங்கள் ஆலையில் மோட்டார் சத்தம் மாறினால் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். அந்தக் காதைத்தான் நம்பினேன். திரும்ப வேண்டிய இடங்களில் திரும்பினேன். நிஷா ஒவ்வொரு திருப்பத்திலும் "ஆங், அப்டியே... அப்டியே..." என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இறங்கும்போது தரை எனக்கு எதிரே அகலமாக விரிந்தது. கூண்டிலிருந்து கம்பிக் கட்டை லாரிமேல் இறக்கும்போது, கடைசி ஒரு முழத்தில் கை தானாக மெதுவாகும். யாரும் சொல்லித் தந்ததில்லை. அன்றும் கை மெதுவானது. சக்கரம் ஒருமுறை குதித்து அப்புறம் ஒட்டிக்கொண்டது.

எஞ்சினை நிறுத்தி இறங்கிப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன்.

முதலில் ஓடி வந்தது அம்மா. "இன்னாத்துக்கு அழவுற? சூப்பரா போச்சே! ஏறனதும் ஒருவாட்டி குனிஞ்சு கும்பிடு போட்டுச்சு பாரு, எனக்கு மெய் சிலுத்துப் பூட்ச்சு!"

நிஷா அம்மாவைத் தாண்டி நேராக விமானத்தின் இடது பக்கம் போனாள். தகட்டைப் பார்த்தாள். குனிந்து இன்னும் பக்கத்தில் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. முனிரத்னமும் பார்த்துவிட்டார். அம்மாவை டீ போடச் சொல்லி அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, என் காதருகே வந்து சொன்னார்:

"நான் வச்சேன்னு சொல்லிடறேன் அம்மாயி. என்னிய ரெண்டு திட்டு திட்டும், அவ்ளோதான். நீ தனியா பறந்தது கணக்குல வந்துடும். பெரியம்மாவுக்கும் தெரிய வாணாம்."

நல்ல மனுஷர். சபலம் வந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். வாளித் தண்ணீர் அங்கேதான் இருந்தது. ஊருக்குப் போய்ச் சொல்ல ஒரு வார்த்தை போதும்: முடித்துவிட்டேன். ஆனால் அவர் வைத்தார் என்றாலும் அந்தத் தகட்டைப் பார்த்துவிட்டு ஏறியவள் நான்தானே?

"நிஷா, ஏறதுக்கு முன்னாடியே நான் பாத்தேன்" என்றேன். "அடைஞ்சிருக்குன்னு தெரியும். தொடைக்க மனசு வரல. நகத்தால சொரண்டிட்டுப் போய்ட்டேன். அப்டியே எழுதிக்க."

நிஷா பையிலிருந்து பதிவுப் புத்தகத்தை எடுத்து எழுதினாள். "எறங்கினது நல்லா இருந்துச்சு. அது வேற" என்றாள். "ஆனா இத நான் கையெழுத்துப் போட முடியாது. பாக்காம ஏறியிருந்தா தெரியாத்தனம். பாத்துட்டு ஏறினீங்க பாருங்க, அதான் எனக்குத் தாங்கல. நாளைக்கு வானம் நல்லா இருந்தா திரும்ப பண்ணுங்க. இல்லன்னா அடுத்த வருஷம்." தரையில் இருந்தும் அக்கா என்று சொல்லவில்லை.

முனிரத்னம் வாளித் தண்ணீரைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினார்.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. சொல்லாவிட்டால் நாளைக்கும் அந்த வட்டத்தில்தான் வைப்பாள். நான் துடைத்தால் ஏன் என்று கேட்பாள். மத்தியானம் வீட்டுக்கார அக்கா கொடுத்த சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மொச்சைக் குழம்பு. இரண்டு வாய் உள்ளே போனதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஓட்டை, முள், வேப்பமரம், எல்லாம். அது கும்பிடு இல்லை என்பதையும் சொன்னேன்.

அம்மா கையில் இருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "அந்தாளு நீட்டும்போதே வாங்கியிருக்கக் கூடாது. என் கை..."

"உன் கைக்கு ஒண்ணும் இல்ல!" கத்திவிட்டேன். கீழே தறிக்காரர்கள் கேட்டிருப்பார்கள். "அந்த ஓட்டைல சாட்சாத் மகாலட்சுமியே வந்து பொட்டு வச்சிருந்தாலும் முள்ளு படுத்துனுதான் இருக்கும். தப்பு கையில இல்ல, எடத்துல. எடம் தப்புன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. நான்தான் தொடைக்கல."

"ஏன் தொடைக்கல?"

"பதினோரு வருஷம் கழிச்சு வச்ச. எப்டிமா தொடைப்பேன்?"

அம்மா எழுந்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நாளைக் காலையில் முதல் பஸ் பிடித்துப் போய்விடுவாள், இனி எந்தக் கிண்ணத்தையும் தொடமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். விமானம் போனால் அடுத்த வருஷம் வரும். இது போனால் திரும்பி வராது. பறப்பதைப் பற்றிய பயம்கூட அப்போது சின்னதாகிவிட்டது.

வெள்ளி காலை எழுந்தபோது அம்மாவின் பாய் சுருட்டியிருந்தது. ஆளைக் காணவில்லை. வானம் மேகமாக இருந்தது. கீழே கேட்டால், "விடிஞ்சதும் கெளம்பிப் போயிட்டாங்களே" என்றார் வீட்டுக்கார அக்கா. முகம்கூடச் சரியாகக் கழுவாமல் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். அங்கே இல்லை. திருவள்ளூர் பஸ் போய்விட்டது என்றார் டீக்கடைக்காரர். நாஷ்டா தின்னவும் மனசில்லாமல் ஓடுதளத்துக்கு நடந்தேன்.

விமானம் நிற்கும் கொட்டகையில் பேச்சுக் குரல் கேட்டது.

"வைக்கறது அப்பறம் நைனா. எங்கெங்க ஓட்ட கீது, எங்க வைக்கக் கூடாது, அத மொதல்ல காட்டு."

அம்மாதான். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கேண்டீனில் அடுப்பைப் பரிசோதிக்கிற மாதிரி விமானத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். முனிரத்னம் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். தகட்டை அவர் ராத்திரியே ஓட்டையின் உள்வரை சுத்தம் செய்திருந்தார்; அது பளபளத்தது.

"இது இன்னா, குழா மாதிரி?"

"அதுவும் காத்து போற எடம் பெரியம்மா."

"இதுல?"

"அது பெட்ரோல் ஊத்தற மூடி, வாணாம்."

"கதவாண்ட வச்சா?"

"கதவாண்ட தாராளமா வை."

அம்மா கதவருகே, கைப்பிடிக்கு ஒரு சாண் தள்ளி, சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அப்புறம்தான் நான் நிற்பதைப் பார்த்தாள்.

"இன்னா பாத்துக்கினு கீற? அட்டைய எட்த்துக்கினு வா. சத்தமா படி. நானும் கேக்கறேன்."

ஒன்பது மணிக்கு மேகம் கலைந்தது. நிஷா என்னோடு ஒரு வட்டம் சுற்றிப் பார்த்துவிட்டு, ரேடியோவை எடுத்துக்கொண்டு ஓரத்துக்கு இறங்கிப் போனாள். நான் மறுபடி அட்டையைச் சத்தமாகப் படித்தேன். தகட்டின்மேல் விரலை வைத்து, "கிளியர்" என்றேன். அம்மா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போனாள்.

ஏறினேன். முள் அறுபத்தைந்தைத் தொட்டது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், வெட்கமே இல்லாமல். அது அங்கேயே நின்றது. அப்புறம் வெளியே பார்த்தேன்.

துள்ளாமல் இறங்கினேன். நிஷா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "வாழ்த்துகள் அக்கா" என்றாள். முனிரத்னம் வாளியை நிரப்பிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா ஒரு கணம்கூடத் தயங்காமல் வாங்கிக்கொண்டாள். என் தலைக்குமேல் தூக்கினாள்.

"இன்னிக்கி கும்பிடு போடல" என்று சொல்லி ஊற்றினாள்.